வேட்டைக் கத்தியும் கல்விக்கூடமும்

சமயமும் இலக்கியமும் கல்லூரியின் பழைய வரலாறும் பேசப்படும் இவ் வைரவிழா மலரிலே வேட்டைக் கத்தி செய்தல் பற்றி ஒரு கட்டுரை வருதல் கண்டு அன்பர் சிலர் புருவம் நெரித்தல் கூடும். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சைவச் சூழலில் வளர்ந்த ஒரு கல்லூரிக்கு வேட்டையோடு என்ன தொடர்பு என வினவுதல் இயல்பே. வேடராகிய கண்ணப்பரை நாயன்மார் வரிசையில் வைத்து வணங்கும் நமக்கு அவ் வினா அத்துணைக் கடுமையானதன்று, அது நிற்க. வேட்டையைப் பரிந்துரைக்க யாம் வந்திலேம். இந் நாட்டில் 1937ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வேட்டையைப் பெரிதும் கட்டுப்படுத்தியது, அது நன்றே. யாம் பேச விழைவது கத்தியைப் பற்றியும் அன்று, அதனைச் செய்யும் கையைப் பற்றியேயாம். வேறொரு தொழிலால் வயிறு வளர்க்கும் ஒருவர், மாலை வேளையிலும் விடுமுறை நாளிலும் தம் வீட்டுக் கொட்டிலிலே தங்கி, உருக்குத் தகடொன்றை எடுத்துத் தொடக்கம் முதல் முடிவு வரை தம் கையாலேயே ஒரு கத்தியாக்கி, அதன் அலகிலே தம் பெயரைப் பொறித்துவிடுகின்றாரே, அதுவே எம் பொருள். அதனால் நம் கல்லூரிக்கு வரக்கூடிய பயன் யாது என்பதைக் கட்டுரையின் பிற்பகுதியிற் கூறுவோம்.

இக் கைப்பணி இக்காலத்தே செழித்து நிற்கும் நாடுகளுள் முதன்மையானது அமெரிக்கா. ஆலைகள் எண்ணிறந்த கத்திகளை மலிவாக வெட்டிக் குவிக்கும் நாடும் அதுவே. அங்ஙனமிருந்தும், ஆலைக் கத்தியைப் போலப் பன்மடங்கு விலை கொடுத்து ஒருவர் கையாற் செய்த கத்திக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருப்போர் அங்கே உளர். இந் நிலையை உண்டாக்கியோருட் பலர் பிறவிக் கொல்லர் அல்லர் என்பதே நாம் கருதத்தக்கது.

புளோரிடா மாநிலத்து ஒர்லாண்டோ நகரில் தோடம்பழத் தோட்டம் வைத்திருந்தவர் போ ரண்டால் என்பார். 1937ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்து வாலூன் ஏரிக்கரையிலே ஒரு மனிதன் படகின் பழைய வண்ணத்தைக் கத்தியொன்றினாற் சுரண்டுதலை அவர் கண்டார். அத்துணை முரட்டு வேலைக்குப் பின்னும் அக் கத்தியின் வாய் மழுங்காதிருந்தது. அது வில்லியம் ஸ்கேகல் என்னும் தனித்தொழிலாளர் ஒருவர் செய்தது. ரண்டால் அதனை விலைக்கு வாங்கினார். அதனோடு அமையாது, அதுபோல் ஒன்றைத் தாமே செய்து பார்க்கத் தலைப்பட்டார். தோட்ட வேலை போக எஞ்சிய பொழுதிலே தொடங்கிய அம் முயற்சி, இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே படைவீரர்கள் கடிதம் எழுதிக் கத்தி கேட்கும் அளவுக்கு வளர்ந்தது. அவர் 1989இல் மறைந்தார். அவர் குடும்பத்தாரின் பட்டறை அவர்க்குப் பின்னும் நின்று நிலவுகின்றது.

ரண்டாலின் கத்தியை வாங்க விழைந்த ஓர் இளைஞரின் கதை இன்னும் சுவையானது. பொப் லவ்லெஸ் என்னும் அவர் வணிகக் கப்பலிலே வேலை செய்தவர். 1950களின் முற்பகுதியில் நியூயோர்க்கிலுள்ள கடையொன்றிற் சென்று அக் கத்தியைக் கேட்டார். பல மாதம் காத்திருக்க வேண்டும் என்றனர். காத்திருக்க மனமில்லாத அவர், கழிவுப் பொருட் குவியலிற் கிடந்த பழைய மோட்டார் வண்டியின் வில்லுத் தகடு ஒன்றைத் தேடியெடுத்துத் தமக்கொரு கத்தியைத் தாமே செய்துகொண்டார். பின்னர் அதே கடைக்குத் தம் கத்திகளை விற்றார் என்பது அதனினும் சிறப்பு. வேட்டைக் கத்தியின் முதுகு நுனியை நோக்கி மெல்லத் தாழ்ந்து இறங்கும் வடிவத்தைப் பரவச் செய்தவர் இவரே. அவ் வடிவம் அழகுக்காக எழுந்ததன்று. கொன்ற விலங்கின் வயிற்றைப் பிளக்குங்கால் கூரிய நுனி மேல்நோக்கி நின்றால் குடலைக் குத்தி ஊனைக் கெடுத்துவிடும். நுனி தாழ்ந்து நின்றால் அக் கேடு இல்லை. வேலையே வடிவத்தை வகுத்தது என்க. 1970இல் அமெரிக்கக் கத்தி செய்வோர் தமக்கெனச் சங்கம் ஒன்றை நிறுவியபோது அவரும் முன்னின்றார். 2010இல் மறைந்தார்.

மூன்றாமவர் மேரிலாந்து மாநிலத்துப் பாற்பண்ணைக்காரரான பில் மொறன். மாடுகளைப் பராமரித்த நேரம் போக உலைக்களத்தில் நின்றவர் இவர். வெவ்வேறு வகை உருக்குகளை அடுக்கிப் பற்றவைத்து, மடித்தடித்து, நீரோட்டம் போன்ற வரிகள் தோன்றச் செய்யும் பழைய முறையை 1973இல் கண்காட்சி ஒன்றிற் காட்டி, அமெரிக்கக் கத்தி செய்வோரிடையே அதற்குப் புத்துயிர் அளித்தார். 1976இல் அமெரிக்கக் கத்திக் கொல்லர் கழகத்தைத் தோற்றுவித்தோருள் தலையானவர் அவரே.

அக் கழகத்தின் தேர்வினைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில் தேர்வு என்பது எம் போன்ற ஆசிரியர்களின் அன்றாட உணவு. தேர்வுக்கு வருபவர் தாமே அடித்து வடித்த கத்தியொன்றைக் கொணர்தல் வேண்டும். அலகின் நீளம் 10 அங்குலத்துக்கு மேற்படலாகாது. முதலில், ஓர் அங்குலத் தடிப்புள்ள கயிறு கீழ்நுனி கட்டப்படாது தொங்கவிடப்படும்; அதனை ஒரே வீச்சில் துணித்தல் வேண்டும். அடுத்து, இரண்டங்குலத்துக்கு நான்கங்குலம் என்னும் அளவுள்ள மரச் சட்டத்தை இருமுறை வெட்டி முறித்தல் வேண்டும். மரத்தை வெட்டிய அவ் வாயினாலேயே, தீட்டாமல், தம் கையிலுள்ள மயிரை மழித்துக் காட்டல் வேண்டும். இறுதியில் அலகினை இடுக்கியிற் பொருத்தி 90 பாகை வளைத்தல் வேண்டும். அது முறிதல் ஆகாது. இத்துணையும் கடந்த பின்னரே, வேறு ஐந்து கத்திகளைத் தேர்வாளர் முன் வைத்து அவற்றின் செம்மையைக் காட்டுதல் வேண்டும்.

இத் தேர்விலே மனப்பாடத்துக்கு இடமில்லை. மாதிரி வினாத்தாள் இல்லை. மாலை வகுப்பிலே வினாவை ஊகித்துச் சொல்லித் தரும் பேராசான்கள் இல்லை. வாய் கூராயிருத்தலும் உடல் முறியாதிருத்தலும் ஆகிய, ஒன்றையொன்று பகைக்கும் இரு பண்புகளை ஒரே இரும்பில் ஒருங்கே அமைத்தாயா என்பதே வினா. விடையை அலகே கூறிவிடும். எம் வாழ்நாளில் யாம் திருத்திய விடைத்தாள்களை எண்ணிப் பார்க்குங்கால், இத்தகைய நேர்மையான வினாவொன்றை யாம் எப்போதேனும் கேட்டோமா என்னும் ஐயம் எழாமலில்லை.

கூர்மையும் உறுதியும் எங்ஙனம் பகைக்கின்றன என்பதை அறிவியல் கற்கும் மாணவர்க்காகச் சொல்லுதல் தகும். இரும்போடு சிறிதளவு காபன் சேர்ந்ததே உருக்கு. கத்திக்கு ஏற்றதென அங்கே தொடக்கநிலையாளர் பெரிதும் விரும்பும் வகைக்கு 1084 என்பது பெயர். முதலிரண்டு இலக்கங்கள் அது கலப்பற்ற காபன் உருக்கு என்பதையும், பின்னிரண்டும் காபன் நூற்றுக்கு ஏறத்தாழ 0.84 பங்கு என்பதையும் குறிக்கும். நம் நாட்டுக் கொல்லர் எடுத்தாளும் பார ஊர்தி வில்லுத் தகட்டிலே அது பெரும்பாலும் நூற்றுக்கு 0.6 அளவினதாயிருக்கும். முதலிலே தகட்டை மெதுவாக ஆறவிட்டு மென்மையாக்கி, அரத்தினால் அராவியோ, காய்ச்சியடித்தோ கத்தி வடிவாக்குவர். அராவி எடுப்பதே முறையென லவ்லெஸ் வழியினரும், அடித்து வடிப்பதே முறையென மொறன் வழியினரும் இன்றும் வாதிடுவர். தமிழ்ப் புலவர் உரை வேறுபாட்டுக்குப் போரிடுதல் போன்றதே அதுவும். எம் கருத்திலே பகுதிநேரமாகப் பழகுவோர்க்கு அரமே நன்று. பொறுமை தவிர வேறு செலவு அதற்கு இல்லை.

வடிவம் அமைந்த பின்னரே உண்மையான சோதனை. அலகினை உலையிலிட்டுச் செந்நிறம் ஏறும்வரை காய்ச்சுவர். ஏறத்தாழ 770 பாகை செல்சியசில் இரும்பு காந்தத்தை ஏற்காது விட்டுவிடும். ஆதலின், பக்கத்திலே காந்தமொன்றைத் தூக்கி வைத்து, அலகு அதனோடு ஒட்டாமற் போகும் தறுவாயைக் கண்டு, அதற்கு மேலும் சற்றே காய்ச்சி, 815 பாகை அளவில் எடுத்து, இளஞ்சூடான எண்ணெயில் நுனி முதலாகத் தோய்ப்பர். காய்ச்சிய நிலையில் இரும்பின் அணுவடுக்கு மாறிக் காபனைத் தன்னுட் கரைத்துக்கொள்கின்றது. மெல்ல ஆறினால் காபன் பிரிந்து வெளிப்போந்துவிடும். திடீரெனக் குளிர்ந்தால் வெளியேற வழியின்றி உள்ளேயே சிறைப்பட்டு, அடுக்கினை முறுக்கி இறுக்குகின்றது. செருமனி நாட்டு அறிஞர் மாட்டென்ஸ் என்பாரின் பெயரால் மாட்டென்சைற்று என வழங்கப்படும் நிலை இதுவே. இந் நிலையில் அலகு அரத்துக்கும் மசியாத கடினமுடையது. ஆனால் கைதவறித் தரையில் வீழ்ந்தால் கண்ணாடி போல் உடையவும் கூடும். எனவே, மீண்டும் அதனை 200 பாகை அளவிலே இரண்டு மணிநேரம் வைத்து, ஆற்றி, மறுபடியும் அங்ஙனமே செய்வர். கடினம் சிறிது குறையும். தாங்கும் தன்மை பெரிதும் கூடும். வீட்டுச் சமையலறை அடுப்பே இதற்குப் போதும். அங்கே பல மனைவியர் இதன்பொருட்டுக் கணவன்மாரைக் கடிந்துகொள்வர் என யாம் எண்ணுவதில் தவறிராது.

காய்ச்சல் மிகுந்தால் உருக்கின் மணிகள் பருத்து அலகு பொருக்காகிவிடும்; குறைந்தால் கடினம் ஏறாது. நிறம் பார்த்து இதனை அறிதலே பழைய வழி. எம் ஊர்க் கம்மாலை ஒன்றிலே வயது முதிர்ந்த கொல்லரிடம், கம்மாலைகள் யாவும் ஏன் இருண்டே கிடக்கின்றன என யாம் ஒருகால் வினவினோம். "வாத்தியார், வெயிலுக்கை வைச்சுப் பார்த்தால் எல்லா இரும்பும் ஒரே நிறந்தான். இருட்டுக்கைதான் அது தன்ரை நிறத்தைக் காட்டும்," என்றார் அவர். வெளியார் அழுக்கெனக் கருதிய இருள், அவருக்கு ஓர் அளவுகருவி. காந்தத்தைப் பற்றி யாம் கூறியபோது அவர் வியப்புற்று, மறுநாளே பழைய ஒலிபெருக்கியொன்றின் காந்தத்தைக் கழற்றி உலையருகிலே தொங்கவிட்டுக் கொண்டார்.

பிடி அமைத்தலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அமெரிக்கர் மான்கொம்பையும் பலவகை மரங்களையும் விரும்புவர். பிடியின் இரு பக்கத்தையும் பசையால் ஒட்டித் தறையாணியால் இறுக்குவர். நம் நாட்டார் அரக்கை உருக்கி ஊற்றி அலகின் வாலைப் பிடிக்குள் இறக்குவர். பாலையும் முதிரையும் பனையின் வைரமும் இருக்கும் நமக்கு மரத்துக்குக் குறைவில்லை.

கல்விக்கும் கத்திக்கும் என்ன உறவு என்பார்க்கு வடபுல ஐரோப்பாவைச் சுட்டுவோம். பின்லாந்து நாட்டிலே 1866இல் தொடக்கப் பள்ளிகளுக்கெனச் சட்டம் வகுக்கப்பட்டபோது, ஊனோ சிக்னேயஸ் என்னும் கல்வியாளரின் முயற்சியாற் கைப்பணி பாடத்திட்டத்திற் சேர்க்கப்பட்டது. சுவீடன் நாட்டிலே ஒட்டோ சலமொன் என்பார் நேஸ் என்னுமிடத்தில் ஆசிரியர்களுக்கே அப் பயிற்சியை அளித்தார். பல நாடுகளிலிருந்தும் ஆசிரியர் அங்கு சென்று கற்றனர். அவர் பாடத்திலே சிறுவன் கையில் முதலிற் கொடுக்கப்பட்ட கருவி கத்தியே. தச்சனாக்குதல் அப் பாடத்தின் நோக்கமன்று; கண்ணும் கையும் கருத்தும் ஒருங்கு தொழிற்படப் பழக்குதலே நோக்கம். காந்தியடிகள் 1937இல் வார்தாவிலே முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை நடுவாக வைத்ததே. நம் நாட்டிலும் 2013இல் உயர்தரத்திலே தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது. அது நல்ல தொடக்கம். எனினும் அதுவும் எழுத்துத் தேர்வை நோக்கி விரைவாகச் சாய்ந்துவிட்டது என்பதே எம் மதிப்பீடு.

இனி, நம்மவர் இத் துறைக்குப் புதியவர் அல்லர். பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவப் பகுதியின் மலைச் சரிவுகளிலே, மேற்கு நோக்கிய இரும்புருக்கும் உலைகள் வரிசை வரிசையாகக் கண்டுபிடிக்கப்பட்டன. துருத்தி இன்றித் தென்மேல் பருவக்காற்றின் வேகத்தாலேயே அவை எரிந்தன. கில் யூலெவ் என்னும் ஆய்வாளர் அத்தகைய உலையொன்றை அதே இடத்திற் கட்டி, 1994இல் உண்மையாகவே இரும்பை உருக்கிக் காட்டினார். காபன் மிகுந்த உருக்கே அதிற் கிடைத்தது. 1996இல் அவ்வாய்வு வெளிவந்தபோது, கி.பி. முதலாயிரம் ஆண்டுகளிலே இத் தீவினர் காற்றை வேலையாளாக்கினர் என்பதை உலகம் அறிந்தது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையிலிட்டு ஆக்கிய உருக்கு மேற்காசியச் சந்தைகளிலே பெயர் பெற்றிருந்தது. ஆங்கிலேயர் அதனை வூட்ஸ் என்றனர். உருக்கு என்னும் நம் சொல்லோடும் உக்கு என்னும் கன்னடச் சொல்லோடும் அப் பெயரை இணைப்பர் அறிஞர். மின்னியலின் தந்தையெனப் போற்றப்படும் மைக்கல் பரடே, 1819ஆம் ஆண்டளவிலே இவ் வூட்ஸ் உருக்கையே ஆராய்ந்தார். அவரோடு கூட நின்ற ஸ்ரோடாட் என்பார் அறுவைக் கருவிகள் செய்யும் கத்தித் தொழிலாளர். பரடேயின் தந்தையாரும் கொல்லரே.

நம்மவருள் இதனை உணர்ந்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. 1903 முதல் 1906 வரை இந் நாட்டுக் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைமை வகித்த அவர், பாறைகளைத் தேடிச் சென்ற இடமெல்லாம் கைவினைஞரைக் கண்டார். உருக்கு ஆக்கும் முறையை அறிந்திருந்தோர் அக்காலத்தே மிகச் சிலரே. அவர்களிடம் கேட்டும் பார்த்தும் அவர் எழுதிவைத்தமையாலன்றோ அது முற்றாக மறையாது தப்பியது. 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தம் நூலை அவர் தம் மேற்பார்வையிலே கையச்சில் அச்சிடுவித்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

தமிழாசிரியராகிய யாம் இன்னும் ஒன்று சொல்லாது விடுதல் இயலாது. ஏட்டிலே எழுதிய நம் முன்னோர் பயன்படுத்திய எழுத்தாணிகளுள் மடக்கெழுத்தாணி என்பது ஒன்று. அதன் ஒரு தலையில் எழுதும் கூர். மறுதலையில் ஓலையை வாரும் கத்தி. இரண்டும் ஒரே பிடிக்குள் மடங்கும். எழுதுபவரே கத்தியும் பிடித்தார். அதனைச் செய்து கொடுத்தவன் கொல்லன். ஒளவையார் தொண்டைமானிடம் தூது சென்றபோது, அவன் படைக்கலங்கள் நெய் பூசப்பெற்று மாலை சூடிக் காவல் மனையில் இருப்பதையும், தம் தலைவன் அதியமானின் படைக்கலங்கள் நுனி முறிந்து கொல்லனின் சிறு கொட்டிலிற் கிடப்பதையும் ஒப்பிட்டுரைத்த செய்தி புறநானூற்றில் உண்டு. இன்று அமெரிக்காவிலே கைவினைக் கத்திகளை விலைக்கு வாங்கிக் கண்ணாடிப் பேழையில் பூட்டி வைப்போரே பலர். ஒளவையார் அவற்றைக் கண்டால் எதனைப் புகழ்ந்து எதனை இகழ்வார் என்பதை மாணவர் தாமே ஓர்ந்துகொள்க.

இத்துணைப் பழம்பெருமை இருந்தும், இன்று நம் நிலை யாது? பாளைக்கத்தியும் சத்தகமும் கொடுவாக்கத்தியும் செய்யும் கம்மாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. இறக்குமதிக் கத்தி மலிவு என்பது ஒரு காரணம். அதனினும் பெரிய காரணத்தை நாம் வாய்விட்டுக் கூறுதல் வேண்டும். கொல்லன் மகன் கொல்லன் என்று பிறப்போடு தொழிலைப் பிணித்து, அத் தொழிலைத் தாழ்வென்று கூறி, அவனைப் படலைக்கு வெளியே நிறுத்திப் பேசியது நம் சமூகமே. அம் மைந்தன் நம் கல்லூரிக்குப் படிக்க வந்தபோது, தந்தையின் தொழில் யாதென வகுப்பிற் கேட்ட ஆசிரியர் முன் தலைகுனிந்து நின்றான். பின்னர் அவன் எழுதுவினைஞனாகவோ வெளிநாட்டானாகவோ ஆகி அத் தொழிலை மறந்தானாயின், குற்றம் அவனுடையதன்று. அமெரிக்கத் தோட்டக்காரருக்கும் பண்ணைக்காரருக்கும் கத்தி செய்தல் பெருமை தந்ததற்குக் காரணம், அவர்கள் அதனை விரும்பி ஏற்றமையும், அதனால் அவர்தம் குலத்தைப் பற்றி எவரும் கேளாதிருந்தமையுமே. பகுதிநேரக் கைப்பணி என்பதில் யாம் காணும் சிறப்பும் ஈதே: பிறப்பால் அன்றி விருப்பால் ஒருவர் உலைக்களம் புகுதல். மருத்துவரும் கணக்காளரும் மாலையிலே துருத்தி ஊதத் தொடங்கினால், கொல்லன் மகன் தன் தந்தையின் பெயரை உரத்துச் சொல்வான்.

பகுதிநேரத்துக்கு வேறொரு நலமும் உண்டு. அன்றாடச் சோற்றுக்கு அதனை நம்பாதவர் அவசரப்பட வேண்டியதில்லை. தவறிய அலகை விற்றுவிட வேண்டும் என்னும் நெருக்கடி அவர்க்கு இல்லை. உடைத்தெறிந்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். ஒரு கத்திக்கு இருபது மணிநேரம் செல்லும், நாற்பதும் செல்லும். அதனைக் கூலிக்கணக்கிற் பார்த்தால் நட்டமே. இதனை மறைத்து, கைப்பணியால் வறுமை தீரும் எனப் பறைசாற்றுவாரோடு யாம் உடன்படுவதில்லை.

இனி, எதிர்வாதங்களுள் மிக வலியதற்கு வருவோம். கடந்த சில ஆண்டுகளாக வட பகுதிச் செய்தித்தாள்களிலே வாள்வெட்டுச் செய்திகளைப் படித்துப் படித்து நெஞ்சு நொந்திருக்கும் பெற்றோரிடம், உங்கள் மைந்தருக்குக் கத்தி செய்யக் கற்பிக்கப் போகின்றோம் என்றால் அவர்கள் என்ன சொல்வர்? அவர்கள் அச்சம் பொருளற்றதன்று. தெருவிலே வீசப்படும் வாள் பெரும்பாலும் தகட்டை ஒரு பொழுதில் வெட்டியெடுத்த இழிபொருள் என்றும், நாற்பது மணிநேரம் ஒரு பொருளோடு வாழ்ந்தவன் அதனைப் பிறன் உடலில் வீசான் என்றும் சொல்லிவிடலாம். அது கேட்க இனிது. ஆயின் எம்மால் அதனை மெய்ப்பிக்க இயலாது. ஆதலின் அவ் வாதத்தை யாம் நம்பி நிற்கவில்லை. யாம் சொல்வது இதுவே: மாணவர் கையில் வேட்டைக் கத்தி வேண்டா. சத்தகம், தோட்டக் கத்தி, உளி, கொத்து என்பவையே அவர்க்குப் பாடமாகுக. காய்ச்சலும் தோய்த்தலும் பதம் பார்த்தலும் அவற்றிலும் அவையே. செய்யப்படும் ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டுப் பதிவேட்டில் எழுதி, கூடத்துள்ளேயே பூட்டி வைத்து, ஆண்டிறுதியிலே பெற்றோர் கையிற் கொடுத்தல் வேண்டும். அலகு நீண்டவற்றைச் செய்ய விரும்பும் பழைய மாணவர், வளர்ந்தோர்க்கென வகுக்கும் வார இறுதி வகுப்பில், சட்டம் இடந்தரும் அளவிலே செய்க.

க.பொ.த. பரீட்சைப் பேறு குறையும் என்பது இரண்டாம் வாதம். வாரத்திலே ஒரு மாலை, இரண்டு மணிநேரம் உலைக்களத்தில் நிற்பதாற் குறையும் பேறு, மாலை வகுப்புக்கும் வீட்டுக்குமாகத் துவிச்சக்கர வண்டியில் அலைவதாற் குறையும் பேற்றினும் பெரிதாகாது. இதற்கு மேல் அவ் வாதத்துக்கு யாம் மறுமொழி கூறுவதற்கில்லை.

வைரவிழா நிதியைக் கொண்டு யாது செய்வது எனப் பழைய மாணவர் சங்கத்திலே இப்போது ஆலோசனை நடைபெறுகின்றது. முகப்பு வாயிலைப் புதுக்கிப் பெயர்ப் பலகை நாட்டுதல் வேண்டும் என ஒரு சாராரும், பழைய கைப்பணிக் கூடத்தை இடித்து மண்டபம் ஆக்குதல் வேண்டும் என மற்றொரு சாராரும் கூறுகின்றனர். வாயிலுக்கு யாம் பகைவர் அல்லேம். கூடத்தை இடித்தல் மட்டும் வேண்டா என்பதே எம் வேண்டுகோள். அதன் கூரை உறுதியானது, சுவர் உறுதியானது, சாளரங்கள் சிறியன. அச் சிறுமையைப் பலர் குறையென்பர். இருள் வேண்டுவார்க்கு அது குறையன்று. ஒரு துருத்தி அல்லது ஊதுபொறி, ஒரு பட்டடை, சிரட்டைக் கரி, குறடுகள், பத்துப் பன்னிரண்டு அரங்கள், இடுக்கிகள், எண்ணெய்த் தொட்டி, தீயணைக்கும் மணல் வாளிகள், கண்ணுக்கும் கைக்கும் காப்புகள், ஒரு காந்தம் ஆகிய இவை முகப்பு வாயிலின் ஒரு தூணுக்கு ஆகும் செலவை எட்டமாட்டா என்பது எம் கணிப்பு. வில்லுத் தகடு வேண்டுமளவு ஊர்தித் திருத்தகங்களிற் கிடக்கின்றது.

ஆசிரியர் யார் என்பதே இறுதிச் சிக்கல். யாம் இரண்டாண்டு பயின்று பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் பெற்றோம். அதனால் அரசு எமக்குச் சம்பளம் தருகின்றது. மேலே யாம் குறிப்பிட்ட கொல்லரிடம் சான்றிதழ் யாதும் இல்லை. நிறம் பார்த்துப் பதம் அறியும் அவர் கண்ணுக்கு எந்தத் திணைக்களமும் முத்திரையிட்டதில்லை; ஆதலின் அரசுப் பணத்தில் அவர்க்கு ஊதியம் அளித்தல் இயலாது. சங்கத்தின் பணத்துக்கு அத் தடை இல்லை. வாரத்தில் ஒருநாள் அவரை அழைத்து, ஏனைய ஆசிரியரோடு ஒக்க ஆசிரியர் அறையிலே இருக்கை கொடுத்து, மாணவர் அவரை ஐயா என விளிக்கச் செய்து, தக்க ஊதியம் அளித்தல் சங்கத்தால் முடியும். இதனை யாம் அவரிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை, பின், "ஆசிரியர் அறைக்குள்ளையோ?" என்று மட்டும் கேட்டார்.

அவர் மைந்தர் இருவரும் வெளிநாட்டில் உளர். முன்னர் நாள்தோறும் எரிந்த அவருடைய உலை இப்போது வாரத்தில் இரண்டு நாளே மூட்டப்படுகின்றது. சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்துக்கு இவ் விடயத்தைத் தீர்மானமாக முன்மொழிய யாம் எண்ணியுள்ளோம். வழிமொழிய விரும்பும் அன்பர்கள், உள்ளூரினராயினும் கடல் கடந்தவராயினும், கூட்டத்துக்கு முன்னரே செயலாளருக்கு எழுதுக.